முற்றத்துப் பிறை

வலம்புரிப்பட்டினத்தில் எல்லா வீட்டுக்கும் ஒரே நேரத்தில்தான் பொழுது விடியும், ருமைஸா வீட்டு முற்றத்துக்கு மட்டும் ஒன்றரை மணி நேரம் பிந்தித்தான் விடியும், பிந்தித்தான் இருட்டும், ஐப்பசி அடைமழையில் ஊரே ஒழுகுகிற இடத்துக்கெல்லாம் சட்டியும் வாளியும் வைத்துத் திண்டாடும்போது அந்த முற்றத்தில் ஒரு சொட்டு விழாது, ஊரில் மழையே இல்லாத மாதங்களில் மாவு சலித்தது போல மஞ்சள் மணல் மேலிருந்து உதிரும், காலையும் மாலையும் கூட்ட வேண்டும். இதை இப்போது யாரும் அதிசயம் என்று சொல்வதில்லை. பால்காரர்கூட "முத்தத்துக்கு விடிஞ்சிருச்சாம்மா?" என்று ஒப்புக்கு ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் பாலை ஊற்றிவிட்டுப் போகிறார், விடியாவிட்டால் அவருக்கென்ன.

அந்த ஊரில் சம்பாதிக்க வெளிநாடு போவதற்குச் சபர் என்று பெயர். போகிற நாடு எதுவானாலும் அதற்கும் சபர் என்றே பெயர், நாட்டின் பெயரைத் தெரிந்து யாருக்கு என்ன ஆகப்போகிறது. ருமைஸாவின் புருஷன் ஜலாலுத்தீன் கல்யாணமான கையோடு சபர் போனவன். அரபுக் கடற்கரை நகரம் ஒன்றில், கட்டடங்களுக்குப் படம் வரைந்து கொடுக்கும் கம்பெனியில் அவனுக்கு வேலை. நேற்று வெறும் மணலாகக் கிடந்த இடத்தில் இன்று கண்ணாடி மாளிகை நிற்கிற ஊர் அது, அங்கே பணம் போடுகிறவர்களுக்கு இரண்டு ஆசை: கட்டடம் நாளைக்குப் பிறக்கப் போவது போலப் புதுசாக இருக்க வேண்டும், பார்த்த மாத்திரத்தில் அரபு என்றும் தெரிய வேண்டும். இரண்டையும் ஒட்டவைக்கிற வேலை ஜலாலுக்கு. அந்தக் காலத்து அரபு வீடுகளில் மொட்டை மாடிக்கு மேலே நாலு பக்கமும் வாய் திறந்த ஒரு கோபுரம் நிற்கும், கடல் காற்றைப் பிடித்துக் கீழே அறைக்குள் இறக்கும். ஜலால் வரைந்த கோபுரங்களின் வாயைச் சிமெண்டால் அடைத்துவிட்டு உள்ளே ஏசிக் குழாயை ஏற்றினார்கள். அந்தக் காலத்துச் சன்னல்களில் மரத்தைப் பின்னலாகக் கோத்திருப்பார்கள், உள்ளே நிழலாக இருக்கும், பெண்கள் தெருவைப் பார்க்கலாம், தெரு பெண்களைப் பார்க்க முடியாது. ஜலால் வரைந்த பின்னலை அலுமினியத்தில் வெட்டிக் கண்ணாடிச் சுவர்மேல் ஒட்டினார்கள், வெயில் அது பாட்டுக்கு உள்ளே வந்தது. முற்றமும் இருந்தது, மேலே கண்ணாடி மூடி, நடுவே பிளாஸ்டிக் பேரீச்சை மரம்.

"உலகத்துலயே காத்து வராத காத்துக் கோபுரம் வரையிறவன் நான்தான் புள்ள," என்று ஒருமுறை லீவில் வந்திருந்தபோது சொல்லிச் சிரித்தான். சிரிப்பு வாயோடு நின்றுவிட்டது.

வலம்புரிப்பட்டினத்தில் வீடு பெண்ணுக்கு. மகளுக்கு நிக்காஹ் ஆனால் வீட்டை மகள் பேரில் எழுதிவிட்டுத் தாயும் தகப்பனும் பின்கட்டுக்கு ஒதுங்கிக்கொள்வார்கள், மாப்பிள்ளை ஒரு பெட்டியோடு வந்து ஏறுவான். ஆண்பிள்ளை சம்பாதித்துத் தங்கைக்கு வீடு கட்டுவான், பெண்டாட்டிக்கு வீடு கட்டுவான், மகளுக்கு வீடு கட்டுவான், செத்த பிறகு ஆறடி மண் அவனுக்கென்று கிடைக்கும். ஜலால் தங்கைக்குக் கட்டி முடித்திருந்தான். அடுத்தது ருமைஸாவின் வாப்பா அவளுக்குக் கொடுத்த பழைய ஓட்டு வீட்டை இடித்து எழுப்புவது. "வீடு முடியட்டும் புள்ள, முடிஞ்ச அன்னைக்கே வந்துடுறேன், அப்புறம் சபர் கிபர் ஒண்ணும் கெடையாது," என்று சொல்லிவிட்டுப் போனான். அந்த ஒரு வார்த்தையை முந்தானையில் முடிந்துகொண்டுதான் ருமைஸா அந்த வீட்டைக் கட்டினாள். செங்கல் லாரி வந்து நின்றால் அவளுக்குச் செங்கல் தெரியவில்லை, புருஷன் ஒரு எட்டு கிட்டே வந்துவிட்டான் என்றுதான் தெரிந்தது.

ஜலாலும் அந்த வீட்டில் மனசை வைத்தான். கான்கிரீட் தூண், இரும்பு உத்தரம், வடக்கே ஆளுயரக் கண்ணாடி, எல்லாம் புது மாதிரி. அதற்குள்ளே, பொய்யில்லாமல், ஒரு அரபு வீடு. கனத்த சுவர் போட்ட முற்றம், அதற்கு மேலே எட்டு முனை நட்சத்திரமாகத் திறந்த வானவாசல், தேக்கில் இழைத்த பின்னல் சன்னல், வாய் அடைக்காத காற்றுக் கோபுரம். "ஆயுசுக்கு ஒரு கோபுரமாவது மூச்சு விடணும்," என்று போனில் சொன்னான்.

படம் தபாலில் வந்தது. தப்பு படத்தில் இல்லை, படம் வரைந்த காகிதத்தில் இருந்தது. அந்த நகரத்தில் கட்டடம் ஒவ்வொன்றுக்கும் தொழுகை அறை வேண்டும் என்பதால், கம்பெனிக் காகிதத்தின் மூலையில் மக்கா இருக்கிற திசையைக் காட்ட ஒரு சின்னக் கஃபா படம் முன்கூட்டியே அச்சாகியிருக்கும். அங்கிருந்து பார்த்தால் மக்கா மேற்கில் கொஞ்சம் தெற்கே சாய்ந்திருக்கும், வலம்புரிப்பட்டினத்திலிருந்து பார்த்தால் கொஞ்சம் வடக்கே சாய்ந்திருக்கும். ஜலாலுக்கு அது ஞாபகம் வரவில்லை. கொத்தனார் சூசை அந்தத் தெருக்களிலேயே காலமெல்லாம் வீடு கட்டியவர், இந்த வீட்டுக்காரர்கள் கட்டிலும் கக்கூசும் தொழுகைத் திசையான கிப்லாவுக்கு நேரே வரக்கூடாது என்று உயிரை எடுப்பார்கள் என்பது தெரிந்தவர், ஆகவே வடக்குக் குறியைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் காகிதத்திலிருந்த கஃபாவைப் பள்ளிவாசலின் கிப்லாவுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு முளை அடித்துவிட்டார். வீடு தெருவோடு சண்டை போட்டுக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்ட மாதிரி கோணலாக எழும்பியது. "படத்துல இப்படித்தான் இருக்கு தங்கச்சி," என்றார் சூசை. படத்தைக் காட்டினார், படத்தில் அப்படித்தான் இருந்தது.

ஆக அந்த வீடு, அங்கே நின்றிருந்தால் மக்காவுக்கு எந்த வாக்கில் நின்றிருக்குமோ அந்த வாக்கில் இங்கே நின்றது. வீடு பாவம், தான் அங்கே இருப்பதாக நினைத்துக்கொண்டது. அரபு வீடு கேட்டார்கள், அரபு வீடே வந்தது, வானத்தோடு வந்தது. காரணம் வேண்டும் என்கிறவர்கள் இதை வைத்துக்கொள்ளட்டும், ஊர் அதற்கெல்லாம் மெனக்கெடவில்லை.

குடிபுகுந்த அன்று மௌலூது ஓதி நெய்ச்சோறு வைத்தார்கள். தெருவில் வெயில் உச்சந்தலையில் நிற்க, முற்றத்தில் மட்டும் அது காலை வெயிலாகச் சுவரில் சாய்ந்து கிடந்தது. சமையலுக்கு வந்த பெண்கள் அது சுவரின் கனம் என்றார்கள். மறுநாள் அடுத்த வீட்டு ஹலீமா லாத்தா வடகம் காயப்போட வந்தவள் அண்ணாந்து பார்த்து, "ஏ புள்ள, நம்ம ஊர்மேல எப்பயும் ப்ளேன் போகாதே, இங்க என்ன காக்கா போற மாதிரி போகுது?" என்றாள். ஒன்றன்பின் ஒன்றாக, வயிறு தெரியும் அளவுக்குத் தாழ்ந்து, விமானங்கள் நட்சத்திர வாசலைக் கடந்துகொண்டிருந்தன. காற்றுக் கோபுரம் மூச்சு விட்டது, ஆனால் அதில் மீன் வாடை இல்லை, உப்பு வாடை இல்லை, சுட்ட தாரும் புதுச் சிமெண்டும் மணத்தன. ருமைஸா போனை முற்றத்துக்கு இழுத்துக்கொண்டு வந்து ஜலாலைக் கூப்பிட்டாள்.

"மச்சான், இப்போ உங்க தலைக்கு மேல என்ன இருக்கு?"

"என்ன இருக்கும், வானம்தான். துண்டு மேகம் ஒண்ணு நிக்கிது. ஒட்டகம் கழுத்த நீட்டுன மாதிரி."

"இங்கயும் அதுதான் மச்சான் நிக்கிது."

அந்தப் பக்கம் அவன் குழந்தை மாதிரி சிரித்தான். "அப்போ நான் வீட்டுலதான் புள்ள இருக்கேன்!" என்றான். ருமைஸா சந்தோஷத்தில் அழுதாள். அந்த வார்த்தையில் என்ன வினை இருந்தது என்று அவளுக்கு அன்றைக்குத் தெரியவில்லை.

ஊர் ஒரு வாரம் வாயைப் பிளந்தது, அதற்கப்புறம் வேலையைப் பார்க்க ஆரம்பித்தது. புருஷனோ மகனோ அந்த நகரத்தில் இருக்கிற பெண்கள் பிற்பகலில் அஸர் தொழுதுவிட்டு வந்து முற்றத்தில் உட்கார்ந்தார்கள். அரிசி புடைக்க வந்தார்கள், பேன் பார்க்க வந்தார்கள், கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து மேலே காட்டி "அந்தா பாரு வாப்பா வானம்" என்றார்கள். வாப்பாவைப் பார்க்காத பிள்ளைகள் வானத்தைப் பார்த்துக் கை ஆட்டின. புழுதிக் காற்று எழும்பி முற்றம் மஞ்சளாகும் நாளில் எல்லாரும் சேர்ந்து துஆ கேட்டார்கள், ஏனென்றால் அந்தப் புழுதிக்குக் கீழேதான் அவரவர் ஆள் சாரத்தின்மேல் நின்றுகொண்டிருந்தான். வேறு நாட்டுக்குச் சபர் போனவர்களின் பெண்டாட்டிமார் வாசலோடு நின்று பார்த்துவிட்டு, நம் வீட்டுக்கும் இந்த மாதிரி ஒன்று கட்டக்கூடாதா என்று பெருமூச்சு விட்டுக்கொண்டு போனார்கள். சூசையை நாலு பேர் கூட்டிக்கொண்டு போய்க் கோணலாக முளை அடிக்கச் சொன்னார்கள், அந்த வீடுகள் வெறும் கோணலாக மட்டும் நின்றன.

போனில் ஆண்களின் பேச்சும் மாறியது. "அஸருக்கு அப்புறம் முத்தத்துக்குப் போ, நானும் அந்நேரம் சைட்ல வெளிய நிப்பேன், ஒரே சூரியன்தானே," என்றார்கள். முதலில் அது ஆறுதலாக இருந்தது. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வந்துகொண்டிருந்தவர்கள் மூன்று வருஷத்துக்கு ஒருமுறை வந்தார்கள். "டிக்கெட்டுக்கு எதுக்கு வீண் செலவு, தினமும்தான் பாக்குறோமே" என்று ஒருத்தன் சொன்னான், அவன் பெண்டாட்டி அதை வந்து பெருமையாகச் சொன்னாள். எப்போது வருவாய் என்று கேட்கிற பழக்கம் மெல்ல மெல்ல அந்தத் தெருவை விட்டே போயிற்று. ருமைஸா மட்டும் ஒருநாள் ஜலாலைப் போனில் கூப்பிட்டாள்.

"வீடு முடிஞ்சிருச்சே மச்சான்," என்றாள்.

"முடிஞ்சிருச்சு புள்ள. முடிஞ்ச வீட்டுலதானே ரெண்டு பேரும் இருக்கோம்," என்றான் ஜலால்.

இதற்கு நடுவில் பிறை வந்தது. அந்த வருஷம் நோன்பின் கடைசியில் ஊரே கடற்கரையில் நின்று பார்த்தது, மேகம் மூடிக் கிடந்தது, பிறை இல்லை, நாளைக்கும் நோன்பு என்று பள்ளிவாசலில் அறிவித்தாயிற்று. ஒன்றரை மணி நேரம் கழித்து முற்றத்தில் பொழுது சாய்ந்தது, மேகமே இல்லாத அந்த வானத்தில் நகம் வெட்டிப் போட்ட மாதிரி பிறை நின்றது, உட்கார்ந்திருந்த பெண்கள் அத்தனை பேரும் ஒரே குரலில் கூவினார்கள். சபரில் பிறை கண்டால் நமக்கும் பெருநாள்தான் என்று சொல்லும் கூட்டமும் நம் ஊரில் கண்டால்தான் பெருநாள் என்று சொல்லும் கூட்டமும் ஏற்கெனவே முகம் கொடுத்துப் பேசாத ஊர் அது. இரண்டு கூட்டமும் ருமைஸா வீட்டு வாசலில் வந்து நின்றன.

"ஊருக்குள்ள நின்னு, நம்ம கண்ணால கண்டது. இதுக்கு மேல என்ன வேணும்?" என்றது ஒன்று.

"கண்ணு ஊருக்குள்ள நின்னுச்சு, சரி. பிறை ஊருக்குள்ளயா நிக்கிது?" என்றது மற்றது.

விடிய விடியப் பேசினார்கள். இமாம் கிதாபுகளைப் புரட்டினார், முற்றத்துக்கென்று தனி வானம் இருந்தால் என்ன சட்டம் என்று எந்த கிதாபிலும் எழுதியிருக்கவில்லை. கடைசியில் ஜமாஅத் தலைவர் ஒரு முடிவு சொன்னார்: முற்றத்தில் கண்ட பிறை முற்றத்தில் இருப்பவர்களுக்கு, ஊரில் கண்ட பிறை ஊரில் இருப்பவர்களுக்கு. எல்லாருக்கும் பிடித்துப்போயிற்று, யாருக்கும் எதுவும் கிடைக்காத தீர்ப்பு அல்லவா. அன்றிலிருந்து வருஷம்தோறும் ஒருநாள், நிலைப்படிக்கு இந்தப் பக்கம் நோன்பு, அந்தப் பக்கம் பெருநாள். பசி தாங்காத பையன்கள் நிலைப்படி தாண்டி வந்து வட்டலப்பம் தின்றுவிட்டுப் போனார்கள்.

ருமைஸா வானத்தைப் படிக்கக் கற்றுக்கொண்டாள். ஜலால் லீவில் வருகிற நாளில் அவன் ஏறிய விமானம் முற்றத்துக்கு மேலே கிளம்பிப் போவதைப் பார்த்துவிட்டுத்தான் கோழி அடிக்கச் சொல்வாள். லீவு முடிந்து அவன் போகிற நாளில் மற்றப் பெண்கள் வாசலில் அழுது முடித்துவிட்டு அடுப்பைப் பற்றவைக்கப் போவார்கள், அவள் மட்டும் முற்றத்தில் உட்கார்ந்து அந்த விமானம் இறங்குவதையும் பார்ப்பாள். பிரிவை இரண்டு தடவை அனுபவிக்கிற கொடுமை வேறு எவளுக்கும் வாய்க்கவில்லை. மகள் ஷமீலா மடியில் உட்கார்ந்து பார்த்தாள், பிறகு பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாள், பிறகு உட்காராமல் நின்று பார்த்தாள், இப்படியே அவள் பெரியவளானாள்.

அவளுக்குக் கல்யாண வயது வந்த சமயத்தில் கம்பெனியில் ஜலாலை இனி வேண்டாம் என்றார்கள். அன்று ருமைஸா முற்றத்தில் நின்று அவன் விமானம் கிளம்பிப் போவதைப் பார்த்தாள். இனி அவனைக் கொண்டுபோய் அது இறங்குவதைப் பார்க்க வேண்டியதில்லை என்று நினைத்துக்கொண்டே கோழி அடிக்கச் சொன்னாள். மறுநாள் ஜலால் வந்தான். நரைத்திருந்தான். கயிறு கட்டிய இரண்டு அட்டைப்பெட்டிகளைக் கூடத்தில் இறக்கி வைத்தான், சலாம் சொன்னான், நேரே முற்றத்துக்குப் போய் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து அண்ணாந்து பார்த்தான். "அப்பாடா, வந்துட்டேன்," என்றான். தன்னிடம்தான் சொல்கிறான் என்று ருமைஸா நினைத்தாள்.

அவன் அந்த நாற்காலியை விட்டு எழும்பவில்லை. எழும்பினான், ஆனால் முற்றத்தை விட்டு எழும்பவில்லை. முற்றத்துக்கு விடிந்தால்தான் அவனுக்கு விடிந்தது. ருமைஸா பகல் சோறு வடித்து ஆறவைத்துவிட்டுக் காத்திருப்பாள், அவனுக்குப் பசி ஒன்றரை மணி நேரம் பிந்தித்தான் வரும். தெருவில் மழை கொட்டும்போது அவன் மேல்சட்டையைக் கழற்றிவிட்டு விசிறிக்கொண்டிருப்பான். கோபுரத்தின் மூச்சில் தார் வாடை வந்தால் முகம் மலரும், "அந்தா, விமான நிலையத்து ரோட்டுல வேலை ஆரம்பிச்சிட்டானுவ" என்பான். பகலில் முற்றத்திலேயே பாய் விரித்துப் படுப்பான். அவன் உடம்பில் உப்புக் காற்று ஒட்டவே இல்லை. சபரில் இருந்தபோதாவது போனில் அவளுடைய நேரத்துக்கு அவன் பேசுவான். இப்போது ஒரே கூரைக்குக் கீழே இருந்துகொண்டு அவள் உறங்கப் போகும்போது அவன் உட்கார்ந்திருந்தான், அவள் எழும்பும்போது உறங்கினான்.

அந்த வருஷப் பெருநாள் அவளுக்கு எல்லாவற்றையும் சொல்லிவிட்டது. ஊரில் பிறை இல்லை, முற்றத்தில் பிறை. காலையில் ஜலால் குளித்துப் புதுச்சட்டை போட்டு அத்தர் பூசி முற்றத்தில் உட்கார்ந்தான், ருமைஸா நோன்போடு, நாக்கு வறள, அவனுக்குப் பெருநாள் சாப்பாடு ஆக்கிப் போட்டாள். மறுநாள் அவளுக்குப் பெருநாள். புதுப்புடவை கட்டிக்கொண்டு, இந்த வயதில் எதற்கு என்று வெட்கப்பட்டுக்கொண்டே பூவும் வைத்துக்கொண்டு அவன் முன்னால் போய் நின்றாள்.

"பெருநாள் வாழ்த்து சொல்லுங்க மச்சான்."

"நேத்தே சொன்னேனே புள்ள," என்றான் ஜலால்.

நேற்று அவள் ஈர விறகை ஊதிக்கொண்டிருந்தபோது அவன் என்ன சொன்னான் என்று அவள் காதில் விழவில்லை. பூவை எடுத்துப் போட்டாள். "இந்த வானவாசல மூடப்போறேன்," என்றாள்.

ஜலால் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால்கூட அவளுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். "மூடு," என்றான். "வீடு ஒனக்குள்ளது. பொறந்த வீடு தங்கச்சிக்குப் போச்சு. இது ஒனக்கு, நாளைக்கு மவளுக்கு. அங்க ஒரு ரூம்ல ஒம்போது பேரு, எனக்குன்னு ஒரு கட்டிலு, அதையும் ராத்திரி ஷிப்டுக்காரன் பகல்ல படுத்துக்குவான். ஊரான் கட்டடத்துக்கு எத்தன ஆயிரம் சன்னல் வரைஞ்சிருப்பேன், எனக்குன்னு இருந்தது தலைக்கு மேல இருந்த இது ஒண்ணுதான் புள்ள. இதையும் மூடணும்னா மூடு."

"எனக்கு என்ன இருந்துச்சு மச்சான்?" என்று கேட்டாள் ருமைஸா. "வீட்ட எம் பேர்ல எழுதி வச்சிட்டு எல்லாரும் போயிட்டிய. நான் என்ன சுவரோடயா குடும்பம் நடத்துனேன்?"

அவள் அழுதுகொண்டே உள்ளே போனாள், ஆனால் அன்று மூடவில்லை, ஷமீலாவின் கல்யாணம் கிட்டே வந்துவிட்டது. மாப்பிள்ளை விஷயத்தில் அவள் ஒற்றைக் காலில் நின்றாள்: பணம் வேண்டாம், படிப்பு வேண்டாம், சபர் போகாதவன் வேண்டும். சல்லடை போட்டுத் தேடித்தான் தௌபீக் கிடைத்தான். கடைத்தெருவில் செல்போன் கடை வைத்திருந்தான், கடல் தாண்டுவதில்லை என்று பெரியவர்கள் முன்னால் வாய்விட்டுச் சொன்னான். நிக்காஹ் முடிந்த கையோடு ருமைஸாவே முன்னால் நின்று, ஊர் வழக்கப்படி, வீட்டை மகள் பேரில் எழுதிக் கொடுத்தாள். தௌபீக் ஒரு பெட்டியோடு வந்து ஏறினான். அவளும் ஜலாலும் பின்கட்டுக்கு ஒதுங்க வேண்டியது. அவள் ஒதுங்கினாள், ஜலால் முற்றத்திலேயே இருந்தான்.

அடுத்த நோன்பு பாதி போயிருந்தது. பிறைக்கு முன்னால் மூடிவிட வேண்டும், இந்தப் பெருநாளாவது ஒரே பெருநாளாக இருக்க வேண்டும் என்று ருமைஸா சூசையை வரச்சொன்னாள். அவர் பலகையும் கம்பியும் ஜல்லியும் இறக்கி, மொட்டை மாடியில் ஏறி நட்சத்திரத்தை அளந்துகொண்டிருந்தார். கீழே ஜலால் தலையைத் தூக்காமல் உட்கார்ந்திருந்தான். சத்தம் கேட்டு ஷமீலா வந்தாள்.

"யாரக் கேட்டும்மா மூடுறிய?"

"யாரக் கேக்கணும்?"

"என்னக் கேக்கணும்மா," என்றாள் ஷமீலா. அவள் குரலை உயர்த்தவில்லை. "அவங்களுக்கு விசா வந்திருக்கு. வாப்பா இருந்த அதே ஊருதான். பெருநாளுக்கு முந்தியே போவணுமாம்."

"கடை இருக்கே!" என்றாள் ருமைஸா.

"கடையில என்னம்மா வருது. ரெண்டே வருஷம்தான், கடைய பெருசாக்க ஒரு தொகை சேந்ததும் வந்துடுறேன்னு சொல்றாங்க."

"சபர் போமாட்டேன்னு சபையில சொன்னவந்தானே!"

"எல்லாரும் அப்படித்தானம்மா சொல்றாங்க. வாப்பாவும்தான் சொன்னாங்க." ஷமீலா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "எனக்கு அந்த வானம் வேணும்மா. வீடு எம் பேர்லதானே இருக்கு."

"அது என்ன செய்யும்னு என்னப் பாத்துமாடி ஒனக்குத் தெரியல?"

"ஒங்களுக்கு அதாவது இருந்துச்சும்மா. எனக்கு அதுவும் இல்லாம போவணுமா?"

மேலேயிருந்து சூசை எட்டிப் பார்த்தார். "தங்கச்சி, வீட்டுக்காரங்க யாருன்னு சொன்னியன்னா அதுபடி செஞ்சிருவேன். எனக்கு ரெண்டு பேரும் ஒண்ணுதான்," என்றார். ருமைஸா மகளைத் திரும்பிப் பார்த்தாள். வீட்டைத் தூக்கிக் கொடுத்ததும் அவள்தான், மகளை மடியில் வைத்துக்கொண்டு மேலே பார்க்கப் பழக்கியதும் அவள்தான். "வீட்டுக்காரங்க அவதான்," என்றாள். சூசை பலகையைக் கீழே இறக்க ஆரம்பித்தார். ஜலால் மகளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

தௌபீக் போன அன்று விடிவதற்கு முன்பிருந்தே மழை. அவனை வழியனுப்ப ஜலாலும் கூடத்துக்கு எழும்பி வந்தான், எல்லாரோடும் உட்கார்ந்து ஊர் நேரத்துக்கே நோன்பு வைக்கிற சஹர் சோறு சாப்பிட்டான், குடை பிடித்து வண்டி வரைக்கும் போனான். ஷமீலா அழவில்லை. சாயங்காலம் கிட்டே அவள் முற்றத்துக்கு வந்தாள், அங்கே மழை இல்லை, வெயில் இன்னும் சுவரில் இருந்தது, ஜலால் நாற்காலியில் இருந்தான்.

"வாப்பா, கொஞ்சம் எந்திரிக்கியளா? அவங்க ப்ளேன் எறங்குறதப் பாக்கணும்."

இன்னொரு நாற்காலி போட்டிருக்கலாம். அவன் எழும்பினான். தோளில் கிடந்த துண்டை எடுத்து நாற்காலியிலிருந்த மணலைத் தட்டிவிட்டான். "கோபுரத்துக்கு இடப்பக்கமா வரும்மா, வந்து வலப்பக்கம் தாழும்," என்றான். சொல்லிவிட்டுச் சுவரோரமாக ஒதுங்கி நின்றான். விமானம் வந்தது, தாழ்ந்தது, மறைந்தது. ஷமீலா எழும்பவில்லை, கழுத்து நிமிர்ந்தபடி, வாய் லேசாகத் திறந்தபடி, வெறும் வானத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஜலால் அந்த வானத்துக்குக் கீழே தன் வயதையெல்லாம் கழித்தவன், ஆனால் இங்கிருந்து அதை அண்ணாந்து பார்க்கிற முகம் எப்படி இருக்கும் என்று ஒருநாளும் பார்த்ததில்லை. இப்போது பார்த்தான். பெண்டாட்டியின் இளவயது முகத்தை அவன் பார்த்த நாட்கள் மிகவும் குறைவு, அதனால் கொஞ்ச நேரம் கழித்துத்தான் இது அவளுடைய முகம் என்று அவனுக்குப் பிடிபட்டது. அதற்கு மேல் அவனால் அங்கே நிற்க முடியவில்லை.

அடுப்படியில் ருமைஸா கஞ்சி கிண்டிக்கொண்டிருந்தாள். ஓட்டுச் சார்ப்பிலிருந்து தண்ணீர் கயிறு கயிறாக விழுந்துகொண்டிருந்தது. நிலைப்படியில் ஆள் நிழல் தெரிந்து திரும்பினாள்.

"மழையா புள்ள?" என்றான் ஜலால்.

"ஐப்பசி பொறந்ததுலருந்து மழைதான்," என்றாள்.

அவன் பலகையை இழுத்துப் போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். கையை நீட்டச் சொல்லி ஒரு பேரீச்சம்பழத்தை வைத்தாள். மழைக்குள்ளிருந்து ஊர்ப் பள்ளிவாசலின் நோன்பு திறக்கும் பாங்கு வந்தது, இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பழத்தை வாயில் போட்டார்கள். அவள் கஞ்சி ஊற்றினாள், அவன் ஊதி ஊதிக் குடித்தான், "உப்பு கொஞ்சம் கம்மியா இருக்கு," என்றான். இப்படி ஒரு வார்த்தையை, இந்த நேரத்தில், இந்த இடத்தில் கேட்பதற்காகத்தான் அவள் கல்யாணமான நாளிலிருந்து காத்திருந்தாள். புருஷன் வந்துவிட்டான். மகளைக் கொடுத்து அவனை வாங்கியிருக்கிறோம் என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது.

உப்புச் சிரட்டையை எடுத்து அவன் பக்கம் தள்ளி வைத்தாள். மூன்றாவது கிண்ணத்தில் கஞ்சி ஊற்றி, ஆறாமல் இருக்க ஒரு தட்டைப் போட்டு மூடினாள். முற்றத்தில் ஷமீலா இன்னும் நோன்பு திறக்கவில்லை. அங்கே பொழுது சாய நேரம் கிடந்தது.